இரணியல் வீட்டில் இருந்துகொண்டு சூரியக் காற்றைக் கவனிப்பது எப்படி

குளச்சலில் 31 வருடமாக ரேடியோவும் படகு வயர்லெஸும் பழுது பார்க்கிறேன். பங்குனியிலும், பிறகு புரட்டாசி ஐப்பசியிலும் கடைக்கு ஒரே மாதிரிப் புகார் வரும். ஒரு நாள் காலையில் படகு ஓட்டும் ஸ்ராங்கு ஒருவர் ஜிபிஎஸ் செட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

“அண்ணே, நங்கூரம் போட்டுக் கெடக்கோம். படகு அசையல. ராத்திரி எட்டு மணி இருக்கும், இது மட்டும் அங்கயும் இங்கயும் ஓடுது. பதினோரு மணிக்குத் தானா சரியாவுது. செட்ட மாத்தணுமா?”

“செட்டுக்கு ஒரு கேடும் இல்ல மக்கா. மேல வானத்துலயாக்கும் கோளாறு.”

பழுது பார்க்கிறவன் வானத்தைக் கைகாட்டினால் யார் நம்புவார்கள்? அவரை அன்று சாயங்காலம் இரணியலில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். பழைய பத்தாயம் கிடந்த உள்ளறையில், சுவரில் ஒட்டிய அளவுத்தாள்மேல் நிற்கும் ஒரு வெளிச்சக் கோட்டைக் காட்டினேன். அது எதனால் நகர்கிறது என்று சொல்லச் சொல்ல, மனிதர் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. போகும்போது, “இத எழுதி வைங்க அண்ணே, எம் மவனுக்குக் காட்டணும்” என்றார். அதனால் எழுதுகிறேன்.

துருவ ஒளி பார்க்க நார்வேக்குப் போக வேண்டும். ஆனால் சூரியக் காற்று பூமியின் மேல் வளிமண்டலத்தை என்ன செய்கிறது என்று கவனிக்க, குமரி மாவட்டத்துக்கு இணையான இடம் உலகத்தில் கொஞ்சம்தான். பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குச் சமமாகப் படுத்துக் கிடக்கும் இடம், அதாவது காந்த நடுக்கோடு, நம் தலைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் இருந்து முதல் ராக்கெட் விட்டார்களே, அந்த மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கோட்டுக்காகத்தான். அன்று அந்தி நேரத்தில் வடமேற்கு வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் நெளிந்ததைப் பார்த்ததாக அம்மா சொல்வார். ராக்கெட் கொண்டுபோய்க் கொட்டிய சோடியம் ஆவி அது. அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்து மேல்காற்றை அளந்தார்கள்.

ஒளி வேறு, காற்று வேறு

கருவியில் கை வைக்கும் முன்னால் இந்த ஒன்றை மனசில் பதிக்க வேண்டும். நான் முதல் இரண்டு வருடம் இரண்டையும் போட்டுக் குழப்பி, எழுதிய குறிப்பெல்லாம் வீணாயிற்று.

சூரியனில் இருந்து நமக்கு வருவது இரண்டு. ஒன்று ஒளி. அதில் புற ஊதாவும் எக்ஸ் கதிரும் சேர்ந்தே வரும். 8 நிமிடம் 20 வினாடியில் வந்துவிடும். அது மேல் காற்றில் பட்டு, அணுக்களில் இருந்து எலக்ட்ரானைப் பிய்த்து, சுமார் 60 கிலோமீட்டருக்கு மேலே மின்சாரம் பாயக்கூடிய ஓர் அடுக்கை உண்டாக்குகிறது. அதுதான் அயனி மண்டலம். ராத்திரியானால் கீழ் அடுக்கு கரைந்துபோகும்.

மற்றது சூரியக் காற்று. புரோட்டானும் எலக்ட்ரானுமாக, சூரியனின் காந்தப்புலத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு, வினாடிக்கு 400 கிலோமீட்டர் வாக்கில் வருகிறது. சில நாள் 800. பதினைந்து கோடி கிலோமீட்டர் கடக்க 400 வேகத்தில் நாலு நாளுக்குச் சற்று மேல் ஆகும். பெயர்தான் காற்று. ஒரு கன சென்டிமீட்டரில் சாதாரணமாக ஐந்து பத்து துகள்தான் இருக்கும். முப்பந்தலில் காற்றாலை இறக்கையைத் தள்ளுகிற காற்றில் அதே இடத்துக்குள் கோடி கோடிக்கும் மேலே மூலக்கூறுகள் நெருக்கிக்கொண்டிருக்கும். இவ்வளவு மெலிந்த ஒன்று எப்படி ஒரு கிரகத்தின் காற்றை ஆட்டுகிறது என்றால், அது கொண்டுவரும் காந்தப்புலமும் அதன் வேகமும்தான் காரணம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாசத்தில் மேற்கில் இருந்து வரும் காற்று மலையில் முட்டி, இரு பக்கமும் ஒதுங்கி, கணவாய் இருக்கும் இடத்தில் மட்டும் பிய்த்துக்கொண்டு பாயும். சூரியக் காற்றுக்கு முன்னால் பூமியின் காந்தப்புலம்தான் மலை. சுமார் 65,000 கிலோமீட்டர் தூரத்திலேயே அதை நிறுத்தி ஒதுக்கிவிடுகிறது. இந்த மலையில் கணவாய் எப்போதும் திறந்திருக்காது. வருகிற காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால், வடக்கு நோக்கி இருக்கும் நம் புலத்தோடு அது பின்னிக்கொள்கிறது. அப்போது வாய் திறக்கும். வடக்கு நோக்கி இருந்தால் எத்தனை வேகமாக அடித்தாலும் பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். சூரியக் காற்றைக் கவனிக்கிறவன் முதலில் கேட்க வேண்டியது வேகத்தை அல்ல, அதன் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத்தான்.

முதல் வேலை: சாயாத ஊசி

இது பத்து நிமிட வேலை. பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள்.

நீளமான தையல் ஊசி ஒன்று. அதன் நடுவில் மெல்லிய பட்டு நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஊசி கிடைமட்டமாக நிற்கும்வரை முடிச்சை நகர்த்தி, நின்றதும் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து உறைய விடுங்கள். இதைக் காந்தமாக்கும் முன்னாலேயே செய்ய வேண்டும், முறை மாறினால் சோதனைக்கு அர்த்தம் இல்லை. பிறகு பழைய ஸ்பீக்கர் காந்தத்தின் ஒரு முகத்தால் நடுவில் இருந்து ஒரு நுனிவரை இருபது தடவை நீவுங்கள். மறு பாதியை அதே காந்தத்தின் மறு முகத்தால் நீவுங்கள். முடிச்சு நகரக் கூடாது.

மறுபடி தொங்கவிட்டால் ஊசி வடக்கு தெற்காக நிற்கும், படுத்த மாதிரியே நிற்கும். அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவில்தான் விஷயம். இதே ஊசியை டெல்லிக்குக் கொண்டுபோனால் வடக்கு நுனி நாற்பது டிகிரிக்கு மேல் தரையை நோக்கிச் சாயும். லண்டனில் அறுபத்தைந்து டிகிரிக்கு மேல் சாய்ந்து குத்திட்டு நிற்கப் பார்க்கும். இங்கே காந்தக் கோடுகள் தரைக்குச் சமமாக, கடல் மட்டம் மாதிரிப் படுத்து ஓடுகின்றன. கண்ணால் பார்க்கிற அளவுக்குச் சாய்வே இல்லை.

இப்படிப் படுத்து ஓடுவதால் மேலே ஒரு விசேஷம் நடக்கிறது. 105 கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டி, சில நூறு கிலோமீட்டர் அகலத்தில், பகல் நேரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக ஒரு மின்சார ஆறு ஓடுகிறது. பூமத்திய மின்தாரை என்பார்கள். பெருநாட்டில் ஹுவான்கயோ என்ற இடத்தில் 1922-இல் காந்தத்தை அளக்க ஆரம்பித்தபோது அதன் தடயம் பட்டது. ஆங்கிலேய விஞ்ஞானி சிட்னி சாப்மன் 1951-இல் அதற்குப் பெயர் வைத்தார். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் இந்த ஆற்றுக்காகத்தான். நீங்கள் இரணியல் சந்தையில் மரச்சீனி வாங்கிக்கொண்டு நிற்கும்போது அது தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது.

ரேடியோவை வைத்து ஒளியைப் பிடிப்பது

சின்ன வயதில் அப்பா ராத்திரி சாப்பிட்டு முடித்து இலங்கை வானொலி வைப்பார். தூரத்து நிலையமெல்லாம் பகலில் ஏன் விழவில்லை, ராத்திரி ஏன் விழுகிறது என்று கேட்டுத்தான் எனக்கு இந்தத் தொழிலே வந்தது. பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் வரை இருக்கும் அடி அடுக்கு மீடியம் வேவை உறிஞ்சிவிடுகிறது. பொழுது அடைந்தால் அது கரைந்து, அலை மேலே போய் எதிரொலித்து வருகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து, தூரத்து நிலையம் ஒன்றில் முள்ளை வைத்துவிட்டு, எப்போது மேலெழுந்து வருகிறது என்று பத்து நாள் குறித்தாலே அயனி மண்டலம் கலைவது காதுக்குத் தெரியும்.

சூரிய வெடிப்பைப் பிடிக்க ஷார்ட்வேவ் வேண்டும். பகல் பதினொன்றில் இருந்து மூன்று மணிக்குள் 25 அல்லது 31 மீட்டர் பட்டையில் நன்றாக விழும் ஒரு நிலையத்தை வைத்துக்கொள்ளுங்கள். சீன நிலையங்கள் தாராளமாகக் கிடைக்கும். வெடிப்பின் எக்ஸ் கதிர் வந்து விழுந்ததும் அடி அடுக்கு தடித்துப்போய், இரண்டு மூன்று நிமிடத்துக்குள் நிலையம் அமுங்கிவிடும். பேட்டரி போய்விட்டது என்று நினைப்பீர்கள், பட்டை முழுக்க அமைதியாக இருக்கும். கால் மணியோ ஒரு மணி நேரமோ கழித்துப் பைய திரும்பி வரும். உயர் அலைவரிசை முதலில் தேறும், தாழ்ந்தது கடைசியில். பாதிப்பு பகல் பக்கத்துக்கு மட்டும்தான்.

இப்படி அமுங்கினால் நேரத்தை எழுதி, அடியில் கோடு போடுங்கள். இது ஒளி. அந்த வெடிப்போடு பிளாஸ்மா மேகமும், அதாவது மின்னேற்றத் துகள்களின் திரளும், கிளம்பி, நம் பக்கம் நோக்கியும் இருந்தால், காற்று ஒன்று முதல் நாலு நாளுக்குள் வரும். அதைப் பிடிக்கிற கருவி அடுத்தது.

தொங்கும் காந்தம்

வெளிநாட்டுக் குறிப்புகளில் பாட்டிலுக்குள் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு, அதில் கண்ணாடித் துண்டு ஒட்டி, சுவரில் வெளிச்சம் பாய்ச்சச் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில், நூல், காந்தம், எல்லாம் சரி. ஒரு வருடம் பார்த்தும் வெளிச்சம் பெரிதாக அசையவில்லை. சூரியக் காற்றால் காந்தப் புயல் என்று உலகமே சொன்ன நாளிலும் அசையவில்லை. கையில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று தடவை பிரித்துக் கட்டினேன்.

கோளாறு கையில் இல்லை, இடத்தில். துருவத்துப் பக்கம் காந்தப் புயல் வந்தால் புலத்தின் திசை மாறும், அதனால் சும்மா தொங்கும் காந்தம் திரும்பும். நம் ஊரில் திசை அதிகம் மாறாது, பலம்தான் மாறும். வடக்கு நோக்கி இழுக்கும் பலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). புயலில் அதில் 100, 200, பெரிய புயலில் 400 குறையும். ஏற்கெனவே வடக்குப் பார்த்து நிற்கும் காந்தத்துக்கு இழுப்பு குறைந்தால் என்ன, கூடினால் என்ன? அது நின்ற இடத்தில் நிற்கும். அதனால் நம் ஊரில் காந்தத்தைக் கிழக்கு மேற்காக முறுக்கி நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் கம்பியின் முறுக்கு, மறு பக்கம் பூமியின் இழுப்பு. இரண்டும் சமமாக நிற்கும்போது இழுப்பில் நூற்றில் கால் பங்கு குறைந்தாலும் காந்தம் திரும்பும்.

உடைந்த ஹெட்போனில் இருந்து 10 மில்லிமீட்டர் வட்டக் காந்தம் ஒன்று எடுங்கள். காசு விளிம்பில் நிற்பதுபோல் அது தொங்க வேண்டும். அதன் முகத்தில் 1 சென்டிமீட்டர் கண்ணாடித் துண்டு ஒட்டுங்கள், பவுடர் டப்பாக் கண்ணாடி போதும், கண்ணாடிக் கடையில் கீறித் தருவார்கள். தொங்கவிட நூல் ஆகாது, தங்கூஸ் என்கிற நைலான் தூண்டில் நரம்பும் ஆகாது. தங்கூஸ் ஈரத்துக்கு இளகும், நம் கடற்கரைக் காற்றில் ஒரு நாள் நின்றது மறுநாள் நிற்காது. மோட்டார் காயில் சுற்றும் கடையில் 40 கேஜ் எனாமல் செம்புக் கம்பி ஒரு முழம் கேளுங்கள். 25 சென்டிமீட்டர் தேவை. மடிப்பு விழாமல் எடுத்து வர வேண்டும், மடிப்பு விழுந்த கம்பியை நிமிர்த்திப் பயன் இல்லை.

கூட்டுக்குப் பெட்டிக்கடையில் இருக்கும் சதுர மிட்டாய் டப்பா. உருண்டைப் பாட்டில் வெளிச்சத்தை இழுத்துப் பரப்பிவிடுகிறது. டப்பாவின் ஒரு பக்கம் சன்னல் வெட்டி, போட்டோ சட்டத்துக் கண்ணாடியை ஒட்டினேன். மூடியில் துளை போட்டு முக்கால் அங்குல பிவிசி குழாய், அதன் உச்சியில் திரும்பக்கூடிய ஒரு மூடி, அந்த மூடியின் நடுவில் கம்பி. காந்தம் ஆடிக்கொண்டே இருக்காமல் அடங்க, அதன் அடியில் ஒரு விரல் இடைவெளியில் கனமான அலுமினியத் துண்டு, பழைய ஆம்பிளிபயர் ஹீட் சிங்க் வைத்திருக்கிறேன். இரும்பு எங்கும் வரக் கூடாது, திருகாணிகூடப் பித்தளை.

இப்போது முறுக்கு. சும்மா விட்டால் காந்தம் வடக்கு தெற்காக நிற்கும். மேல் மூடியைப் பைய ஒரே பக்கமாகத் திருப்புங்கள். காந்தம் முரண்டு பிடித்துப் பின்னாலேயே வரும். நீங்கள் அரை வட்டம் தாண்டித் திருப்பியிருப்பீர்கள், அது கால் வட்டத்துக்குக் கிட்டே வந்திருக்கும். என் கருவியில் மூடியை 220 டிகிரி திருப்பியபோது காந்தம் கிழக்கு மேற்காக வந்தது. அதோடு நிறுத்த வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் திருப்பினால் சட்டென்று சுழன்று மறுபக்கம் போய்விடும், முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எல்இடி டார்ச்சின் முகத்தில் கருப்பு டேப் ஒட்டி, நடுவில் ஒரு மயிரிழைப் பிளவு விட்டு, ஒரு பூதக்கண்ணாடி வழியே கண்ணாடித் துண்டில் பாய்ச்சுங்கள். திரும்பி வரும் கோடு 3 மீட்டர் தூரச் சுவரில் விழட்டும். அங்கே அளவுத்தாள். லேசர் வேண்டாம், வீட்டில் பிள்ளைகளின் கண்ணில் படும்.

முதல் ஒரு வாரம் கோடு ஒரே பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும். அது கம்பி முறுக்குக்குப் பழகுவது. அதுவரை எழுதாதீர்கள்.

அளவு பிடிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்கு இந்தக் கருவியில் ரொம்பப் பிடித்த இடம் இது. 1 மீட்டர் விட்டத்தில் பிவிசி ஒயரால் ஒரே ஒரு வளையம் செய்து, காந்தம் அதன் நடுவில் இருக்கும்படி, கிழக்கு மேற்காகச் செங்குத்தாக நிறுத்துங்கள். 1.5 வோல்ட் புது பேட்டரி, கூட 18 ஓம் ரெசிஸ்டர், பழுப்பு சாம்பல் கருப்புக் கோடு போட்டது. சுவிட்சைப் போட்டால் சுமார் 80 மில்லிஆம்பியர் ஓடும். வளையத்தின் நடுவில் அது உண்டாக்கும் புலம் கிட்டத்தட்ட 100 நானோடெஸ்லா. சுவரில் கோடு எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறதோ அதுதான் உங்கள் நூறு. எனக்கு மூன்றரை சென்டிமீட்டர் நகர்ந்தது. பேட்டரியைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பக்கம் நகரும், அப்போது கூடுவது எந்தப் பக்கம், குறைவது எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும்.

பெரிய எதிரி சூடு. இந்த வகைக் காந்தம் ஒரு டிகிரி சூடு ஏறினால் ஆயிரத்தில் ஒரு பங்கு பலம் இழக்கும். கணக்குப் போட்டால் ஒரு டிகிரிக்கு 30, 40 நானோடெஸ்லா பொய் நகர்வு. ஓட்டு வீட்டு உள்ளறை நல்லது, கான்கிரீட் மாடியில் பகல் அளவு நம்ப முடியாது. டப்பாவைச் சுற்றி ஒரு பெரிய மண்தொட்டியில் மணல் நிரப்பி வைத்தேன். முதலில் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலைக் கொண்டுவந்து கொட்டியது தப்பு, அதில் இருக்கும் இல்மனைட் என்ற தாது காந்தத்துக்கு இழுபடும். அள்ளிவிட்டு ஆற்று மணல் போட்டேன். பக்கத்திலேயே ஒரு வெப்பமானி வைத்து, ஒவ்வொரு அளவோடும் சூட்டையும் எழுதுங்கள். வாசலில் பைக் வந்து நின்றாலும் கோடு நகரும், பீரோவை இடம் மாற்றினாலும் நகரும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

கோட்டைப் படிப்பது

அமைதியான நாளில் கோடு காலை ஏழு மணிக்கு மேல் ஏற ஆரம்பித்து, பதினொன்று பதினொன்றரைக்கு உச்சிக்குப் போய், சாயங்காலம் பழைய இடத்துக்கு வரும். அதுதான் மேலே ஓடும் மின்தாரை. சில நாள் மத்தியானத்துக்கு மேல் பழைய இடத்துக்கும் கீழே இறங்கும், ஆறு எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று அர்த்தம். இதைச் சூரியக் காற்று என்று எழுதிவிடாதீர்கள். இது ஒளி உண்டாக்கிய அடுக்கை மேல்காற்று நகர்த்துவதால் வருவது. நான் பிடித்த விதி இது: பகலில் ஏறி இறங்குவது பெரும்பாலும் ஒளியின் வேலை, ராத்திரியில் நகர்ந்தால் அது காற்றின் வேலை. ராத்திரி அந்த ஆறு வற்றிவிடும், மறைக்க ஒன்றும் இருக்காது.

2024 மே 10, வெள்ளிக்கிழமை. இரண்டு நாளாகச் சூரியனில் ஒரே கரும்புள்ளிக் கூட்டத்தில் இருந்து வெடிப்பு மேல் வெடிப்பு. பகலில் ஷார்ட்வேவ் அமுங்கி அமுங்கி வந்தது. அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் பாய் விரித்து உட்கார்ந்தேன். பத்தரை மணி தாண்டியதும் கோடு ஒரே துள்ளலாகக் கூடும் பக்கம் போனது. வண்டி ஏதும் வந்ததா என்று வாசலைப் போய்ப் பார்த்தேன், தெருவில் நாய்கூட இல்லை. மேகம் வந்து காந்த மலையில் மோதி அதை நெருக்கிய நேரம் அது. நெருக்கினால் நம் ஊரில் புலம் கொஞ்ச நேரம் கூடும். பிறகு இறங்க ஆரம்பித்தது. நள்ளிரவு கடந்து, கோழி கூவி, விடிந்து காலை எட்டு மணிக்குக் கோடு 13 சென்டிமீட்டர் கீழே நின்றது. ஏறக்குறைய 370 நானோடெஸ்லா. அந்த ராத்திரி லடாக்கில் ஹான்லே வானம் துருவ ஒளி போலச் சிவந்திருந்ததை மறுநாள் எல்லோரும் படமாகப் பார்த்தார்கள். நான் சுவரில் பார்த்தேன்.

ஏன் இறங்குகிறது? கணவாய் திறந்து உள்ளே வந்த துகள்கள் பூமியைச் சுற்றி, பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கு நோக்கி ஒரு மின்சார வளையமாக ஓடுகின்றன. அந்த வளையத்தின் காந்தம் நம் புலத்துக்கு எதிராக இருக்கும், நடுக்கோட்டுப் பக்கம்தான் அது நன்றாகத் தெரியும். மும்பை கொலாபாவில் 1859 செப்டம்பரில் பதிவானது 1,600 நானோடெஸ்லா வீழ்ச்சி. என் சுவரில் அது அரை மீட்டரைத் தாண்டியிருக்கும்.

அதே நேரம் துருவங்களில் கொட்டும் ஆற்றல் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்ப வைக்கிறது. உப்பிய காற்று தாழப் பறக்கும் செயற்கைக்கோளை உரசி இழுக்கும். 2022 பிப்ரவரியில் புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை இப்படிப் போயிற்று. அதுவும் சின்னப் புயல்தான்.

முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் போனில் பாருங்கள். பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் காவல் நிற்கும் விண்கலங்கள் காற்றை முதலில் தொடும். அங்கிருந்து இங்கே வர ஒரு மணி நேரம். அமெரிக்காவின் நோவா விண்வெளி வானிலை மையம் அந்த அளவுகளை அப்போதைக்கப்போதே இலவசமாகக் காட்டுகிறது. அதில் காந்தம் வடக்குப் பார்க்கிறதா தெற்குப் பார்க்கிறதா என்று காட்டும் பிஇசட் (Bz) என்ற கோடு சுழியத்துக்குக் கீழே போய், மணிக்கணக்கில் கீழேயே கிடந்தால் கணவாய் திறந்துவிட்டது. நம் ஆதித்யா எல்1 விண்கலம் 2024 ஜனவரி 6 முதல் அதே இடத்தைச் சுற்றி நிற்கிறது. அதில் இருக்கும் ‘பாபா’ என்ற கருவி சூரியக் காற்றை அளப்பது, திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் மையத்தில் செய்தது.

ஸ்ராங்கு கேட்டதற்குப் பதில் இன்னும் பாக்கி. பொழுது அடைந்ததும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி கரைகிறது, மேல்பகுதி நடுக்கோட்டில் இன்னும் உயரமாகத் தூக்கப்படுகிறது. மேலே கனம், கீழே காலி. எண்ணெய்க்கு மேலே தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் குமிழி குமிழியாக மேலே கிளம்புமே, அப்படிக் காலியான குமிழிகள் கிளம்புகின்றன. செயற்கைக்கோள் சிக்னல் அதற்குள் புகுந்து வரும்போது நட்சத்திரம் மாதிரி மின்னும், அதனால் ஜிபிஎஸ் செட் இடத்தைத் தப்பாகக் காட்டும். பகலும் இரவும் சமமாக இருக்கும் மாதங்களில், சூரியன் உக்கிரமாக இருக்கும் வருடங்களில் அதிகம். ராத்திரி எட்டு மணிக்கு மொட்டைமாடியில், செயற்கைக்கோள் வாரியாகச் சிக்னல் காட்டும் ஆப்பைத் திறந்து வைத்தால் ஒன்றிரண்டு கோடுகள் மட்டும் குதிப்பதைப் பார்க்கலாம். கடலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: அந்த நேரத்தில் ஜிபிஎஸ் ஓடினால் செட்டை அணைத்துப் போடாதீர்கள், திசைகாட்டியையும் கரை விளக்கையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மலை இல்லாத ஊர்கள்

செவ்வாய்க்கு இப்படி ஒரு காந்த மலை இப்போது இல்லை. ஒரு காலத்தில் இருந்து, அணைந்துபோனது. சூரியக் காற்று நேராக அதன் மேல் காற்றில் வந்து உரசி, அயனிகளை அள்ளிக்கொண்டு போகிறது. 2014-இல் அங்கே போய்ச் சேர்ந்த மேவன் விண்கலம் அளந்தது, வினாடிக்குச் சுமார் 100 கிராம். ஒரு பிடி அரிசி எடை. நூறு கோடி வருடக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். புயல் நாளில் அந்த அளவு கூடும். வெள்ளிக்கும் காந்தம் இல்லை, ஆனால் அதன் காற்று நம்முடையதைப் போல் தொண்ணூறு மடங்கு அழுத்தம் உள்ளது, இன்னும் தாங்குகிறது. அதன் அயனி மண்டலமே காற்றுக்கு எதிரே ஒரு தற்காலிகத் தடுப்பாக நின்றுகொள்கிறது.

நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், கோட்டின் இடம், சூடு. காலை ஆறு, மத்தியானம் பதினொன்றரை, ராத்திரி பத்து, மூன்று வேளை. ரேடியோ அமுங்கினால் ஓரத்தில் ஒரு புள்ளி.

ராத்திரி அளவு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் நேரே காலண்டரில் 27 நாள் எண்ணி ஒரு வட்டம் போடுங்கள். சூரியன் தன்னைத்தானே சுற்றி, அதே பக்கத்தை நமக்குக் காட்ட அத்தனை நாள் ஆகும். வேகக் காற்று கிளம்பும் இடம் கலையாமல் இருந்தால், அதே நாளில் மறுபடி நம் பக்கம் வீசும். இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் இருந்தவர். சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வானாய்வுக்கூடத்துக்கு 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன். நம் ஊர் அப்போது திருவிதாங்கூர். அவர் அகத்தியமலை உச்சியிலும் ஒரு காந்தக் கூடம் கட்டி, இப்படித்தான் காந்தத்தைத் தொங்கவிட்டு, வேளைக்கு வேளை எழுதி வைத்து, காந்தக் கலக்கம் 26 நாள் வாக்கில் திரும்புவதைக் கண்டார். மழை விட்ட மறுநாள் காலையில் எங்கள் மாடியில் நின்றால் வடக்கே அந்த மலை தெரியும்.

என் காலண்டரில் அடுத்த வட்டம் இந்த வியாழக்கிழமை. ஸ்ராங்கும் மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.